கேமராவும் கணினியும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கலாமா?

கேள்வி: எங்கள் பொறியியல் கல்லூரியில் கண்காணிப்பு கேமராக்கள், பயோமெட்ரிக் வருகைப்பதிவுக் கருவிகள், ஸ்மார்ட் போர்டுகள் எல்லாம் அலுவலகக் கணினிகள் உள்ள நெட்வொர்க்கிலேயே இருக்கின்றன. விடுதி மாணவர்கள் ஸ்மார்ட் டிவியும் கொண்டுவருகிறார்கள். நெட்வொர்க்கைக் கவனிக்க இருவர் மட்டுமே இருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மென்பொருள் எதையும் வாங்குவதற்கு முன், உங்கள் நெட்வொர்க் சுவிட்சுகளில் ஏற்கெனவே பதிவாகியிருக்கும் மேக் முகவரிகளை (ஒவ்வொரு கருவிக்கும் உரிய வன்பொருள் அடையாள எண்) எடுத்துப் பாருங்கள். அந்த முகவரியின் முதல் ஆறு குறியீடுகள் பெரும்பாலும் தயாரிப்பாளரைக் காட்டிவிடும் என்பதால், கணினி என்று நீங்கள் நினைத்திருந்த போர்ட்டில் உண்மையில் ஒரு கேமரா இருப்பது அப்போதே தெரியவரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அறை, போர்ட் எண், பொறுப்பாளர் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். பொறுப்பாளர் பெயர் எழுத முடியாத கருவிகளை முதலில் கவனியுங்கள். பொருத்தியவரும் போய், கேட்டு வாங்கிய பேராசிரியரும் மாறிவிட்ட கருவியின் ஃபர்ம்வேரை (அதன் உள்ளே இயங்கும் மென்பொருள்) யாரும் புதுப்பித்திருக்க மாட்டார்கள்.

அடுத்த வேலை, இவற்றைத் தனி விலேனுக்கு, அதாவது அதே நெட்வொர்க்குக்குள் பிரித்துவைத்த ஒரு தனிப் பிரிவுக்கு, மாற்றுவது. அதை அரைகுறையாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வெரைசான் 2017-இல் பெயர் குறிப்பிடாமல் விவரித்த ஒரு பல்கலைக்கழகம் சான்று. அங்கே இணையம் மெதுவாக இருப்பதாகப் புகார்கள் குவிந்தன. ஆராய்ந்தபோது, விளக்குகள், விற்பனை இயந்திரங்கள் உட்பட 5,000-க்கும் மேற்பட்ட கருவிகள் 15 நிமிடத்துக்கு ஒருமுறை கடல் உணவு தொடர்பான பெயர்களை நூற்றுக்கணக்கில் தேடி, டிஎன்எஸ் சர்வரை (இணையப் பெயர்களுக்கு உரிய முகவரியைத் தேடித்தரும் கணினி) திணறடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அக்கருவிகள் தனிப் பிரிவில்தான் இருந்தன. ஆனால் வேறு பிரிவில் இருந்த டிஎன்எஸ் சர்வரைப் பயன்படுத்தும்படி அவை அமைக்கப்பட்டிருந்ததால், பிரிப்பு முழுமையாக இல்லை.

ஆகவே, கேமரா விலேனிலிருந்து என்விஆருக்கு (கேமரா காட்சிகளைப் பதிந்துவைக்கும் கருவி) மட்டும் வழி விட்டு, இணையத்துக்குப் போகும் வழியை ஃபயர்வாலில் அடைத்துவிடுங்கள். உடனே இரண்டு சிக்கல்கள் வரும். கைப்பேசியில் கேமரா பார்த்துவந்த கல்லூரி முதல்வருக்கு அது நின்றுபோகும். அவருக்கு விபிஎன் (வெளியிலிருந்து வளாக நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக என்விஆரைத் திறந்துகொடுங்கள். கேமராக்களின் கடிகாரமும் மெல்ல மெல்லப் பிசகும். எனவே வளாகத்துக்குள்ளேயே ஒரு நேர சர்வர் வையுங்கள். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவு, கடிகாரங்களை ஒத்திசைப்பதோடு பதிவுக்குறிப்புகளை 180 நாள் காக்கவும், இணையத் தாக்குதல் போன்ற சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்கவும் சொல்கிறது. நேரம் தவறிய பதிவு விசாரணைக்கு உதவாது.

தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. 2016-இல் பரவிய மிராய் என்ற தீங்கு நிரல், அத்தகைய அறுபது சொச்சம் பெயர்-கடவுச்சொல் இணைகளை முயன்றுபார்த்தே கேமராக்களுக்குள் நுழைந்தது. அது நினைவகத்தில் மட்டும் தங்குவதால், கருவியை அணைத்துப் போட்டாலே போய்விடும். பழைய கடவுச்சொல்லோடு மறுபடி இணைத்தால் மீண்டும் தொற்றிக்கொள்ளும். ஆகவே கேபிளைக் கழற்றி, அணைத்துப் போட்டு, கடவுச்சொல்லை மாற்றிய பிறகே இணையுங்கள். மிராயை உருவாக்கியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மாணவர் என்பதும், அந்தப் பல்கலைக்கழக நெட்வொர்க்கையே தாக்கியதாக 2017-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார் என்பதும், ஆபத்து வளாகத்துக்கு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதைக் காட்டும்.

விடுதியில் தடை போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாணவர்கள் சொந்த ரவுட்டர் வைத்துக்கொள்வார்கள், அது உங்கள் வைஃபையோடு மோதும். பயனர் பெயர் கேட்கும் வளாக வைஃபையில் ஸ்மார்ட் டிவிகள் பலவும் சேர முடியாது என்பதால், மாணவரே தம் கருவியைப் பதிந்து தனிக் கடவுச்சொல் பெறும் ஒரு வைஃபையை, இணையத்துக்கு மட்டும் வழி விட்டு, அமைத்துக்கொடுங்கள். கல்வியாண்டு முடிந்ததும் அப்பதிவுகள் தாமாகவே காலாவதியாகட்டும்.