சுவரில் கோலம் விழாத விளக்கு

கேள்வி: மொராக்கோ நாட்டு மரக்கேஷ் கடைவீதியில் வாங்கிய துளைவேலைப் பித்தளை விளக்கைக் கூடத்தில் மாட்டினோம். கடையில் சுவரெல்லாம் கோலமாகத் தெரிந்தது; வீட்டில் வெறும் மங்கல் வெளிச்சம்தான். விளக்கில் குறையா?

பதில்: குறை பல்பில். பால் வெள்ளைக் குமிழ் போட்டிருப்பீர்கள். குமிழ் முழுவதும் ஒளிர்வதால், ஒவ்வொரு துளையும் குமிழின் உருவத்தையே பெரிதாக்கிச் சுவரில் போடும். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலைந்துவிடும். கணக்கைப் பாருங்கள்: குமிழின் அகலம் 6 செ.மீ., அதிலிருந்து துளை 10 செ.மீ., துளையிலிருந்து சுவர் 1 மீட்டர் என்றால் விளிம்பு 60 செ.மீ. அகலத்துக்கு மங்கும். ஒளிரும் இடம் 5 மி.மீ. மட்டும் இருந்தால் மங்கல் 5 செ.மீ.தான். எண்ணெய்த் திரியும் மெழுகுவத்தியும் எரிந்த காலத்தில் சுடர் சின்னது, அதனால் கோலம் தானாக விழுந்தது. தெளிந்த கண்ணாடியில், ஒளிமுனை சிறிதான ஒரே பல்பை நடுவில் வையுங்கள். இரண்டு போட்டால் துளைக்கு இரண்டு பொட்டு விழும். நீள இழை எல்.இ.டி.யில் இழையின் போக்கிலேயே கோலம் இழுபடும். உடல் முழுக்க உலோகம் என்பதால் எர்த் இணைப்பு கட்டாயம்.

கேள்வி: கறுத்துவிட்டது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: குத்துவிளக்கு போல இதைத் துலக்க முடியாது. புளிச் சக்கை துளைகளில் தங்கினால் அங்கேயே பச்சைக் களிம்பு பிடிக்கும். புளிப்பு நெடுநேரம் ஊறினால் துத்தநாகம் கரைந்து, செம்பு மிஞ்சி, இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரியும். வடிகட்டிய புளித்தண்ணீரை மெல்லிய பிரஷ்ஷில் தொட்டு, கைப்பிடி அகலம் தேய்த்து, உடனே கழுவி, துணியால் ஒற்றுங்கள். அதற்கு முன் ஹோல்டரையும் வயரையும் கழற்றிவிடுங்கள். 'பழைய' தோற்றத்துக்காகக் கருமை ஏற்றிய விளக்கென்றால் தொடவே வேண்டாம், அந்தக் கருமையும் போய்விடும். அமோனியா கலந்த பாலிஷ் கூடவே கூடாது: உளி பட்டு இறுகிய தகடு அதனால் விரிசல் விடும். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் விரிசல் விட்டதற்கும் குதிரைச் சிறுநீரின் அமோனியாவே காரணம்.

கேள்வி: அசல் பித்தளையா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: காந்தம் வையுங்கள். திருகில் ஒட்டினால் பரவாயில்லை. உடல் தகட்டில் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். வெள்ளி நிற விளக்கில் காந்தம் ஒட்டாததால் மட்டும் வெள்ளி என்று நம்பிவிடாதீர்கள். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம்தான் அங்கே அதிகம். கைவேலைக்கு உட்புறம் விரலால் தடவுங்கள்: உளி வெளியேறிய பிசிர் இடத்துக்கு இடம் மாறும், துளைகளின் இடைவெளியும் ஒரு மயிரிழை முன்பின் இருக்கும்.