மாமரத்தில் இலை தைக்கும் செவ்வெறும்பு: மருந்து அடிக்கலாமா?

கேள்வி: புழல் ஏரிக்குப் பக்கத்தில், வீட்டை ஒட்டிய நிலத்தில் மாமரங்கள் வைத்திருக்கிறேன். செம்பழுப்பு எறும்புகள் இலைகளைச் சேர்த்துப் பந்து பந்தாகக் கூடு கட்டியிருக்கின்றன. காய் பறிக்க ஏறினால் கடித்து எடுக்கின்றன. இது என்ன எறும்பு? மருந்து அடித்து ஒழித்துவிடலாமா?

பதில்: ஒழித்துவிடாதீர்கள் அம்மா. நீங்கள் சொல்வது முசுறு. அறிவியல் பெயர் ஈகோஃபில்லா ஸ்மரக்டினா. தரையில் புற்று வைக்கும் நெருப்பெறும்பு வேறு. அது கொடுக்கால் கொட்டும். முசுறு மரத்திலேயே குடியிருக்கும். அதற்குக் கொட்டும் கொடுக்கு கிடையாது. தாடையால் கவ்விக் கடித்து, கடிவாயில் ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சுவதால்தான் அந்த எரிச்சல்.

கூடு கட்டும் விதத்தைக் கிட்டே நின்று பாருங்கள். வேலைக்கார எறும்புகள் வரிசையாக நின்று பச்சை இலைகளின் ஓரத்தை இழுத்துப் பிடிக்கும். இடைவெளி அதிகமானால் ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாகும். வேறு சில, தங்கள் புழுக்களை வாயில் தூக்கி வந்து நெசவாளியின் நாடாவைப் போல இங்கும் அங்கும் ஓட்டும். புழு விடும் பட்டிழைதான் இலைகளை ஒட்டுகிறது. தனக்கென்று ஒரு கூட்டுப்புழு உறைகூடப் பின்னிக்கொள்ளாமல் அந்த இழை முழுவதையும் வீட்டுக்கே கொடுத்துவிடுகிறது!

பகலெல்லாம் மரத்தில் இரை தேடி அலையும். தத்துப்பூச்சி, இலை தின்னும் புழு, வண்டு எல்லாம் அதற்கு உணவு. முசுறு நடமாடும் காயில் பழ ஈ முட்டையிடத் தயங்கும். சீனாவில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் பல நூற்றாண்டுகளாக இதன் கூடுகளைக் கொண்டுவந்து கட்டி, மரத்துக்கு மரம் மூங்கில் பாலம் போட்டு வளர்த்திருக்கிறார்கள்.

கெடுதலும் உண்டு. மாவுப்பூச்சி, செதில்பூச்சி விடும் தேன் போன்ற கழிவுக்காக அவற்றைக் காவல் காக்கும். காம்பருகே வெள்ளைப் பஞ்சு போலவோ, இலையில் கரும்பூசணமோ தெரிந்தால் அந்தக் கிளையில் மட்டும் மீன் எண்ணெய் ரோசின் சோப்பு லிட்டருக்கு 25 கிராம் கலந்து தெளியுங்கள். மரம் முழுக்கப் பூச்சிக்கொல்லி அடித்தால் காவல் போய்விடும்; தத்துப்பூச்சி மறுபடி பெருகும்.

வழியில் தொங்கும் கூட்டை மட்டும் வெயில் ஏறுமுன் கிளையோடு வெட்டி, சாக்கில் போட்டுத் தள்ளியுள்ள மரத்தில் விடலாம். அங்கே வேறு முசுறுக் கூட்டம் இருந்தால் விடாதீர்கள், அடித்துக்கொண்டு சாகும். சுவரைத் தொடும் கிளைகளைக் கழித்துவிடுங்கள். மரத்தில் துணிக்கொடி கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். வீட்டுக்குள் வர அதுதான் பாதை. ஏறிப் பறிப்பவர் கைகாலில் அடுப்புச் சாம்பல் பூசிக்கொண்டால் கடி குறையும். தரையில் நின்றே தொரட்டியால் பறிப்பது அதைவிட நல்லது.