கொச்சியில் ஒரு பகல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை அம்மாவையும் பத்து வயது மகனையும் அழைத்துக்கொண்டு கொச்சிக்குப் போகலாம் என்றிருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, சுத்த சைவம். விடியற்காலை எர்ணாகுளம் ஜங்ஷனில் இறங்கி, இரவு ரயிலில் திருப்பூர் திரும்ப வேண்டும். டாக்ஸி பேசிக்கொண்டு ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, திருப்பூணித்துறை ஹில் பேலஸ், செராய் கடற்கரை, மெரைன் டிரைவ், நேரமிருந்தால் லுலு மால் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். ஒரு நாளில் முடியுமா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

முடியும், டாக்ஸி ஜன்னல் வழியாக. செராய் வைப்பின் தீவின் வடக்கே கிடக்கிறது. ஹில் பேலஸ் நகரத்துக்குத் தென்கிழக்கே. நடுவில் இருப்பது கொச்சியின் வாகன நெரிசல். இரண்டையும் அடித்துவிடுங்கள். லுலு மாலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, கோவையிலேயே லுலு ஹைப்பர்மார்க்கெட் இருக்கிறது.

முதலில் கிழமையை மாற்றுங்கள். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள். மட்டாஞ்சேரி ஜெப ஆலயம் திறக்காது. வெள்ளிக்கிழமை மட்டாஞ்சேரி அரண்மனைக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை ஊரே அங்கேதான் இருக்கும். திங்கள் முதல் வியாழனுக்குள் ஒரு நாளைப் பாருங்கள். மகன் ஒரு நாள் பள்ளிக்குப் போகாவிட்டால் குடி முழுகிவிடாது.

அடுத்தது, டாக்ஸி வேண்டாம். ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவில் ஹைகோர்ட் அருகே உள்ள வாட்டர் மெட்ரோ நிலையத்துக்குப் போங்கள். மெரைன் டிரைவ் அங்கேயே இருக்கிறது. படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பார்த்துவிடலாம். 2023 ஏப்ரலில் தொடங்கிய மின்சாரப் படகுகள் இவை. மிதக்கும் மேடை நீரோடு ஏறி இறங்குவதால் படகின் தளமும் மேடையும் ஒரே மட்டத்தில் இருக்கும், அம்மா படி தாண்ட வேண்டியதில்லை. ஃபோர்ட் கொச்சிக்குப் போகும்போது வலப்பக்கம் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்தின் ராட்சதக் கிரேன்கள். இடப்பக்கம் வில்லிங்டன் தீவு. ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய நிலம் அது. கொச்சி தண்ணீரால் பிழைத்த ஊர். பாலம் வழியாகக் காரில் நுழைந்தால் இதெல்லாம் கண்ணில் படாது.

இறங்கியதும் சீன வலைகள். பெரும்பாலானோர் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் அரை மணி நேரம் நில்லுங்கள். நீண்ட மரத்தின் ஒரு முனையில் வலை, மறுமுனையில் கயிறுகளில் வரிசையாகத் தொங்கும் கற்கள். எடை அவ்வளவு நுட்பமாகச் சமன் செய்யப்பட்டிருப்பதால், ஓர் ஆள் மரத்தின் மேல் நடந்து சென்றாலே வலை நீருக்குள் இறங்கிவிடும். பிறகு நாலைந்து பேர் கயிற்றை இழுக்க, கற்கள் தாழ்ந்து வலை எழும். சில முறை நாலு மீன்தான் வரும். உங்கள் மகனையும் கயிறு பிடிக்கக் கூப்பிடுவார்கள், பிறகு காசு கேட்பார்கள். முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

பத்து மணிக்கு ஆட்டோவில் மட்டாஞ்சேரி. அரண்மனையைப் போர்ச்சுகீசியர் 1555 வாக்கில் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தார்கள். பின்னர் டச்சுக்காரர்கள் செப்பனிட்டதால் டச்சு அரண்மனை என்று பெயர். மற்ற அறைகளை வேகமாகக் கடந்து, பள்ளியறையின் ராமாயணச் சுவரோவியங்களுக்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு வளாகத்திலேயே பழயன்னூர் பகவதி கோயில் இருக்கிறது.

ஜெப ஆலயத்தை மதிய இடைவேளைக்கு அடைத்துவிடுவார்கள். ஒரு மணிக்குள் நுழைந்துவிட வேண்டும். 1568இல் கட்டியது. தரையில் சீனாவிலிருந்து வந்த நீல வண்ண ஓடுகள், கையால் தீட்டியவை, ஒன்றைப்போல் ஒன்று இராது. யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் அளித்த வட்டெழுத்துச் செப்பேடுகள் இந்த ஆலயத்துக்கு உரியவை. வெளியே கடைத்தெருவில் எதையும் வாங்கும் கட்டாயம் இல்லை, ஆட்டோக்காரர் சொல்லும் கடையில் நிச்சயமாக இல்லை.

சாப்பாட்டுக்கு குஜராத்தி ரோடு. தலைமுறைகளாக அங்கே வாழும் குஜராத்தி வணிகக் குடும்பங்களால் சைவச் சாப்பாட்டுக்கும் இனிப்புக்கும் குறைவில்லை.

பிற்பகலில், உங்கள் பட்டியலில் இல்லாத ஓர் இடம்: ‘வெளி’ என்ற பகுதியில் உள்ள தோபிகானா. டச்சுக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்லப்படும் சலவைத் தொழிலாளர்கள் இன்றும் கையால் துவைக்கிறார்கள். தமிழிலேயே பேசலாம். கொடியைக் கவனியுங்கள். கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்குள் துணியின் நுனியைச் செருகியிருப்பார்கள். காற்று எவ்வளவு அடித்தாலும் அசையாது. வேலை நடக்கும் இடம், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

புனித பிரான்சிஸ் தேவாலயத்துக்குக் கால் மணி நேரம் போதும். 1524 டிசம்பர் 24 அன்று கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை இங்கேதான் புதைத்தார்கள். 1539இல் எலும்புகளைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கல்லறையைவிட, மேலே தொங்கும் பங்கா என்ற துணி விசிறிகளை மகனுக்குக் காட்டுங்கள். சுவருக்கு வெளியே நின்று கயிறிழுத்து ஆட்டியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

சூரியன் மறைந்ததும் கூட்டம் மொத்தமும் படகுக்குத் திரும்பும். அதற்கு முன்பே வரிசையில் நின்றுவிடுங்கள். கடைசிப் படகு எப்போது என்று காலையில் இறங்கும்போதே கவுண்டரில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.