குரோமை விட்டால் வேறு என்ன? கணினி பிரவுசர் கேள்வி பதில்

வணக்கம். போன வாரம் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன், நிறைய வந்திருக்கின்றன. மேசைக்கணினிக்கும் மடிக்கணினிக்கும் மட்டும் பதில் சொல்கிறேன். கைப்பேசி பிரவுசர்களின் கதை வேறு, அதை இங்கே கலக்க வேண்டாம்.

ஈசூன் வாசகர்: குரோமிலிருந்து எட்ஜுக்கு மாறிவிட்டேன். கூகலை விட்டு வெளியே வந்துவிட்டேன் அல்லவா?

கூகல் கணக்கை விட்டு வந்திருக்கிறீர்கள், எஞ்சினை விட்டு வரவில்லை. பக்கத்தைப் படித்துத் திரையில் வரைந்து காட்டுவது எஞ்சின். 2020 ஜனவரியில் வந்த புதிய எட்ஜ், குரோமின் அடித்தளமான குரோமியத்தின் மேல்தான் ஓடுகிறது. ஓப்பரா 2013லேயே தன் சொந்த எஞ்சினைக் கைவிட்டது. பிரேவ், விவால்டி இரண்டும் பிறந்ததிலிருந்தே குரோமியம்தான். இன்று பரவலாகப் புழங்கும் எஞ்சின்கள் மூன்று: குரோமியத்துக்குள் இருக்கும் கூகலின் பிளிங்க், சஃபாரியில் இருக்கும் ஆப்பிளின் வெப்கிட், ஃபயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லாவின் கெக்கோ. விண்டோஸுக்கு சஃபாரி இப்போது வருவதில்லை. ஆகவே விண்டோஸில் எஞ்சினையும் மாற்ற விரும்பினால் ஃபயர்பாக்ஸ், அல்லது அதிலிருந்து கிளைத்த லிப்ரவுல்ஃப், வாட்டர்ஃபாக்ஸ் போன்றவை.

பொங்கோல் வாசகர்: மகளின் மடிக்கணினியில் ராம் 4 ஜிபிதான். பத்து டேப் திறந்தால் திணறுகிறது. லேசான பிரவுசர் எது?

'லேசான பிரவுசர்' என்று விளம்பரப்படுத்துவதை நம்பி எதையும் இறக்காதீர்கள். நினைவகத்தைத் தின்பது பெரும்பாலும் பக்கங்கள்தான். ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால் செய்தியோடு விளம்பரமும் கண்காணிப்பு நிரல்களும் தானாக ஓடும் வீடியோவும் வருகின்றன. இன்னொரு காரணமும் உண்டு. 2018 தொடக்கத்தில் ஸ்பெக்டர் என்ற சிப் குறைபாடு வெளியே தெரிந்தது. ஒரு தளம் இன்னொரு தளத்தின் தரவை நினைவகம் வழியாக எட்டிப்பார்க்க அது இடம் கொடுத்தது. அதனால் குரோம் அந்த ஆண்டே ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிச் செயல்முறையில் ஓட்டத் தொடங்கியது, ஃபயர்பாக்ஸ் 2021இல் அதைப் பின்பற்றியது. ராம் கூடுதலாகச் செலவாவது உங்கள் வங்கிப் பக்கத்தின் பாதுகாப்புக்காக. அதை மிச்சப்படுத்திக் காட்டுகிறேன் என்கிற பிரவுசரை நான் நம்பமாட்டேன்.

செய்ய வேண்டியது இதுதான். ஃபயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சியை (பிரவுசரோடு சேர்க்கும் சிறு நிரல்) போடுங்கள். பெயரில் 'ஆரிஜின்' இருக்கிறதா என்று பாருங்கள், யூபிளாக் என்று மட்டும் இருப்பது வேறு. விளம்பரத் தடுப்பான் ஒன்று போதும். பயன்படுத்தாத நீட்சிகளை நீக்குங்கள். எட்ஜிலேயே இருக்க விரும்பினால் டேப்களை உறங்கவைக்கும் வசதி அமைப்புகளில் இருக்கிறது, நேரத்தைக் குறைத்து வையுங்கள்.

தெம்பனீஸ் வாசகர்: குரோமில் அந்த யூபிளாக் ஆரிஜின் திடீரென்று நின்றுவிட்டது. ஏன்?

நீட்சிகளுக்கான விதியைக் கூகல் மாற்றியது. மேனிஃபெஸ்ட் வி3 என்பார்கள். முன்பு ஒவ்வொரு கோரிக்கையையும் நீட்சியே பார்த்துத் தடுக்கலாம். இப்போது தடுக்க வேண்டியவற்றின் பட்டியலை முன்கூட்டியே பிரவுசரிடம் கொடுத்துவிட வேண்டும், தடுப்பது பிரவுசரின் வேலை. பழைய வகை நீட்சிகளை 2024, 2025இல் படிப்படியாக முடக்கினார்கள். குரோமுக்கு 'லைட்' பதிப்பு உண்டு, ஆனால் அதன் கை கட்டப்பட்டிருக்கிறது. ஃபயர்பாக்ஸ் பழைய முறையையும் விட்டுவைத்திருக்கிறது. பிரேவும் விவால்டியும் தடுப்பானைத் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன.

உட்லண்ட்ஸ் வாசகி: சிங்கப்பூர் அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழையும் சிங்பாஸ், ஃபயர்பாக்ஸில் திறக்குமா? அம்மாவின் சேமநிதிக் கணக்கை நான்தான் பார்த்துக்கொடுக்கிறேன்.

திறக்கும், அக்கா. திரையில் வரும் கியூஆர் குறியீட்டை அம்மாவின் கைப்பேசியில் இருக்கும் சிங்பாஸ் செயலியால் ஸ்கேன் செய்யுங்கள். ஏதாவது ஒரு பக்கம் அரைகுறையாக வந்தால், முகவரிப் பட்டைக்குப் பக்கத்தில் உள்ள கேடயப் படத்தை அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் கண்காணிப்புத் தடுப்பை நிறுத்தலாம். ஸ்கேன் செய்வதற்கு முன் முகவரியைப் படியுங்கள். அதில் தளத்தின் பெயர், அதாவது முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதி, '.gov.sg' என்று முடியவில்லை என்றால் உடனே மூடிவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் மோசடி பற்றிய ஸ்கேம்ஷீல்ட் உதவி எண் 1799க்கு அழைத்துக் கேளுங்கள். எந்த பிரவுசரும் இந்தக் கண்ணின் வேலையைச் செய்யாது.

செங்காங் வாசகர்: எது வேகம்?

வித்தியாசம் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. தடுப்பான் போட்டது வேகம்.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: ஃபயர்பாக்ஸ், ஃபயர்பாக்ஸ் என்கிறீர்கள். மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு கூகல் தேடலுக்காகக் கொடுக்கும் பணம். அது எப்படி மாற்று ஆகும்? பிரேவ்தான் சொந்தக் காலில் நிற்கிறது.

தம்பி, பணத்தைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை, எனக்கும் அது கவலைதான். 2025 செப்டம்பரில் கூகல் தேடலின் ஏகபோகம் பற்றிய வழக்கில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா தீர்ப்புச் சொன்னபோது அந்தப் பணத்தை முழுவதுமாக நிறுத்தியிருந்தால் மொசில்லா ஆட்டம் கண்டிருக்கும். அவர் நிறுத்தவில்லை. ஆனால் பிரேவின் கால் எதன்மேல் நிற்கிறது? கூகல் எழுதும் குரோமியத்தின்மேல். சில தளங்களின் முகவரியைத் தட்டும்போது பிரேவ் தனக்குக் கமிஷன் தரும் பரிந்துரைக் குறியீட்டைச் சேர்த்தது 2020இல் வெளிவந்து, அவர்கள் மன்னிப்புக் கேட்டதையும் மறக்க வேண்டாம்.

அதே வாசகர், மறுபடியும்: எஞ்சின் யாருடையது என்றால் என்ன? பக்கம் சரியாகத் தெரிந்தால் போதாதா?

போதாது. இதை ஒரு தமிழர் கேட்பதுதான் எனக்கு வருத்தம். 2001இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 வந்தது, அடுத்த பதிப்பு வர 2006 ஆனது. போட்டி இல்லாததால் ஐந்து ஆண்டு அசையவில்லை. 2004இல் ஃபயர்பாக்ஸ் வந்த பிறகே அசைந்தார்கள். அந்தக் காலத்தில் தமிழ்ச் செய்தித் தளங்கள் பல, எக்ஸ்புளோரர் மட்டுமே இறக்கிக் காட்டக்கூடிய எழுத்துருவை வைத்துப் பக்கம் போட்டன. வேறு பிரவுசரில் வெறும் குறிகளாகத் தெரியும். அப்போதும் 'எக்ஸ்புளோரரில் தெரிகிறதே, போதாதா' என்றுதான் சொன்னார்கள். இன்றைய பிரவுசர்களில் அந்தப் பக்கங்கள் நேரடியாகப் படிக்க முடியாமல் கிடக்கின்றன. 1997இல் இதே சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில், ஆளுக்கொரு குறியீடு கூடாது, பொதுத் தரம் வேண்டும் என்று பேசினார்கள். கணியன் என்ற தமிழ் மென்பொருளைத் தந்த நம்மூர் நா. கோவிந்தசாமி உழைத்ததும் இணையத்தில் தமிழ் நிலைக்க வேண்டும் என்றுதான். ஒரே எஞ்சின் என்றால் தரத்தை எழுதுவதும் நடைமுறைப்படுத்துவதும் ஒரே நிறுவனம். நாளை அது தமிழ் வரியை எங்கே உடைக்க வேண்டும் என்று தவறாக முடிவு செய்தால், ஒப்பிட்டுக் காட்ட இன்னொன்று இருக்காது.

பிரேவ் வேண்டாம் என்று சொல்லவில்லை. தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதாக ஃபயர்பாக்ஸையும் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

தோ பாயோ வாசகர்: எது வேகம் என்று சொல்லவே இல்லையே?

செங்காங்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

அங் மோ கியோ வாசகர்: அப்பாவின் கணினியில் விண்டோஸ் 7. எதைப் போடுவது?

குரோம் 109ஓடு நின்றுவிட்டது. ஃபயர்பாக்ஸில் 115 வரிசைதான் கடைசி. இரண்டுமே நீண்ட நாளைக்கு உதவாது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுங்கள், ஃபயர்பாக்ஸ் அதிலேயே வரும். அதுவரை அந்தக் கணினியில் வங்கி வேலை கூடாது.

பிடோக் வாசகர்: ஓப்பராவின் இலவச விபிஎன் போதுமா?

பிரவுசருக்குள் ஓடுவதை மட்டும் மறைக்கும், கணினியின் மற்ற செயலிகளை மறைக்காது. விபிஎன் தனிப் பொருள், இன்றைக்கு வேண்டாம்.

நான்கு பேர் ஒரே கேள்வி: எங்கிருந்து இறக்குவது?

தயாரிப்பவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும். தேடினால் மேலே 'விளம்பரம்' என்று வருவதை அழுத்தாதீர்கள், போலி நிறுவிகள் அங்கேதான் இருக்கின்றன. உட்லண்ட்ஸ் அக்காவுக்குச் சொன்னதேதான்: முகவரியைப் படியுங்கள்.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: ஃபயர்பாக்ஸ் போட்டுவிட்டேன். நீங்கள் சொன்ன அந்தப் பழைய தமிழ்ப் பக்கங்களைப் படிக்க ஏதாவது வழி உண்டா?

உண்டு, தம்பி. குறிகளாகத் தெரியும் வரிகளை நகலெடுத்து பழைய குறியீட்டை இன்றைய யூனிகோடாக மாற்றித் தரும் எழுத்துரு மாற்றி ஒன்றில் ஒட்டுங்கள். திஸ்கி, டேப் (TAB), பாமினி என்று பழைய குறியீட்டின் வகையைக் கேட்கும். எது என்று தெரியாவிட்டால் பக்கத்தின் மூலநிரலைத் திறந்து ஆங்கிலத்தில் 'font face' என்று தேடுங்கள். எழுத்துருவின் பெயர் பெரும்பாலும் அங்கே எழுதியிருக்கும்.