லோடு ஏற்றும் நேரமும் டூட்டிதான்

கேள்வி: செங்குன்றத்தில் ஆறு லாரி ஓட்டுகிறேன். மணலியிலிருந்து விஜயவாடாவுக்கு வாரம் இரண்டு லோடு போகிறது. வண்டிக்கு ஒரு டிரைவர், ஒரு கிளீனர். சாயங்காலம் ஏற்றி மறுநாள் விடியற்காலையில் இறக்கித் தரவேண்டும் என்கிறது பார்ட்டி. ஒரு டிரைவரை ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டச் சொல்லலாம்?

பதில்: ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. இது 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வைத்த வரம்பு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவும் இதையே கைகாட்டியது. 1961 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2020 தொழிலாளர் சட்டத்தொகுப்பிலும் அதே 8 மணிதான். நெடுந்தூர வண்டிகளுக்கு அதிகாரியின் அனுமதியோடு 10 மணி, வாரத்துக்கு 54 வரை போகலாம் என்றது 1961 சட்டம். தொடர்ந்து 5 மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு, இரண்டு நாள் டூட்டிக்கு நடுவே 9 மணி நேர இடைவெளி ஆகியவையும் அதில் இருந்தன. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம்.

பலரும் சறுக்குவது இதற்குப் பிறகுதான். 8 மணி என்றால் ஸ்டீயரிங் பிடித்த நேரம் மட்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். லோடு ஏற்றுவது, இறக்குவது, வழியில் ரிப்பேர் பார்ப்பது எல்லாமே சட்டப்படி வேலை நேரம்தான்.

உங்கள் டிரிப்பையே எடுத்துக்கொள்வோம். டிரைவர் மாலை 5 மணிக்கு வருகிறார். லோடு, தார்ப்பாய், பில் என்று 3 மணி நேரம் ஓடிவிடும். 8 மணிக்குக் கிளம்பினால் சுமார் 450 கிலோமீட்டர். லோடு வண்டிக்குச் சராசரி 45 கிலோமீட்டர் வேகம் வைத்தாலும் 10 மணி நேரம். எங்கும் நிற்காமலே 13 மணி நேர டூட்டி ஆகிவிட்டது. காலை 7 மணிக்கு எழுந்தவர் நெல்லூரை நெருங்கும்போது 17 மணி நேரமாக விழித்திருக்கிறார். அந்த நிலையில் கை, கண் வேகம் ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு மந்தமாகிவிடும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் சட்டத்தின் வரம்பே 0.03தான். உடம்பு தூக்கத்துக்கு அதிகம் ஏங்கும் 2 முதல் 5 மணி வரை அவர் ஓங்கோலுக்கும் குண்டூருக்கும் நடுவே தனியாக ஓட்டிக்கொண்டிருப்பார். மணிக்கு 60 கிலோமீட்டரில் 4 விநாடி கண் மூடினால் வண்டி 65 மீட்டருக்கு மேல் போய்விடும்.

ஒரு டிரைவரை வைத்தே செய்வதானால், முந்தின நாள் மாலை லோடை யார்டு ஆளை வைத்து ஏற்றிவிடுங்கள், டிரைவர் வீட்டில் தூங்கட்டும். காலை 5 மணிக்குக் கிளம்பினால், நெல்லூரில் அரை மணி, வழியில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் நின்றும் மதியம் 2 மணிக்குள் ஓங்கோல். அங்கே ஹால்ட். மறுநாள் மீதி 150 கிலோமீட்டரும் இறக்குவதும் நிதானமாக முடியும். ராத்திரி ஓட்டம்தான் வேண்டுமென்றால் டபுள் டிரைவர் போடுங்கள். ஆனால் ஓடும் கேபினில் வரும் தூக்கம் அரைத் தூக்கம். கிளம்பும் முன்பே இருவரும் தூங்கியிருக்க வேண்டும். கனரக லைசென்ஸ் இல்லாத கிளீனரிடம் ஒருபோதும் ஸ்டீயரிங்கைக் கொடுக்கக்கூடாது.

வழியில் தூக்கம் வந்தால் பாட்டைச் சத்தமாக வைப்பதும் ஜன்னலைத் திறப்பதும் சில நிமிடங்களுக்கே பலன் தரும். லாரி நிறுத்துமிடத்திலோ பங்கிலோ நிறுத்தி, ஒரு டீயோ காபியோ குடித்துவிட்டு, அலாரம் வைத்து 20 நிமிடம் தூங்கச் சொல்லுங்கள். எழும்போது காபியும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். அதற்கு மேல் நீண்டால் எழுந்ததும் சிறிது நேரம் மந்தமாக இருக்கும், உடனே ஓட்டக்கூடாது. ரோட்டோரத்தில் மட்டும் நிறுத்த வேண்டாம். விளக்கில்லாமல் நிற்கும் லாரியின் பின்னால் வந்து மோதும் விபத்துகள் நம் ஹைவேயில் ஏராளம்.

கணக்கு வைக்கப் புதுக் கருவி எதுவும் தேவையில்லை. நல்லூர் சுங்கச்சாவடியைக் கடந்த நேரம் ஃபாஸ்டேக் எஸ்எம்எஸ்ஸில் வரும். யார்டில் டிரைவர் கையெழுத்துப் போட்ட நேரம், அடுத்தடுத்த டோல் நேரம், இறக்கி முடித்த நேரம் மூன்றையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். டூட்டி எத்தனை மணி நேரம் என்று ஒரு வாரத்தில் தெளிவாகிவிடும். பேட்டாவையும் டிரிப்புக்கு இவ்வளவு என்பதை விட்டு, நாளுக்கு இவ்வளவு என்று மாற்றுங்கள். சீக்கிரம் போனால் அதிகக் காசு என்றிருக்கும்வரை எந்த டிரைவரும் ஓங்கோலில் நிற்கமாட்டார்.