காந்தம் ஒட்டவில்லை, ஆகவே 304 என்கிறார் கான்ட்ராக்டர். நம்பலாமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வீடு கட்டி வருகிறோம். மாடிப்படிக்கும் பால்கனிக்கும் ஸ்டீல் கைப்பிடி. துருவை நன்றாகத் தாங்கும் 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று பேசித்தான் ரேட்டை முடித்தோம். கான்ட்ராக்டர் காந்தத்தை வைத்துக் காட்டினார், ஒட்டவில்லை. அவர் போன பிறகு நான் பார்த்தபோது வளைவுகளிலும் வெல்டிங் வைத்த இடங்களிலும் காந்தம் லேசாக இழுக்கிறது. அங்கங்கே மட்டமான பைப்பைச் சேர்த்துவிட்டாரா? பாக்கிப் பணம் இன்னும் கொடுக்கவில்லை.

பதில்: பாக்கியை அப்படியே வைத்திருங்கள். ஆனால் வளைவில் லேசாக இழுக்கிறது என்பதற்காக அல்ல. நேராக இருக்கும் பைப்பில் ஒட்டவில்லை என்று அவர் காட்டினாரே, அந்த வித்தைக்காக.

காந்த ஏற்புத்திறன் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். காந்தத்தின் பக்கத்தில் வைத்தால் ஒரு பொருள் எந்த அளவுக்குத் தானும் காந்தமாகிறது என்பதைச் சொல்லும் எண். செம்புக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே, லட்சத்தில் ஒரு பங்கு. அதாவது காந்தம் செம்பைத் துளியூண்டு தள்ளிவிடுகிறது. அலுமினியத்துக்குப் பூஜ்யத்துக்கு மேலே, லட்சத்தில் இரண்டு பங்கு. வளைக்காத, அடிக்காத 304 தகட்டுக்கு ஆயிரத்தில் சில பங்கு. அலுமினியத்தைவிட இது நூறு மடங்குக்கும் மேல், ஆனாலும் உங்கள் கையில் இருக்கும் காந்தத்துக்கு உறைக்காது. 430 என்ற மலிவான ஸ்டீலுக்கோ இதே எண் நூற்றுக்கணக்கில் போகும். அதுதான் டக்கென்று ஒட்டுகிறது.

இனி வியாபாரிகள் சொல்லாமல் விடுவதற்கு வருவோம். இரும்பு காந்தத்தில் ஒட்டும். நிக்கலும் தனியாக இருந்தால் ஒட்டும். ஆனால் இரும்போடு 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்தால் அணுக்கள் அடுக்கியிருக்கும் விதமே மாறிப்போய், ஒட்டாத ஸ்டீல் கிடைக்கிறது. அதுதான் 304. இந்த அடுக்கைக் கொண்டுவர நிக்கல்தான் வேண்டும் என்பதில்லை. விலை குறைந்த மாங்கனீஸும் கொஞ்சம் நைட்ரஜனும் அதே வேலையைச் செய்துவிடும். அப்படிச் செய்வதுதான் 202. அதில் மாங்கனீஸ் ஏழரை முதல் பத்து சதவீதம், நிக்கல் நான்கிலிருந்து ஆறு. கடைகளில் ஜே4 என்று புழங்கும் சரக்கில் நிக்கல் இன்னும் குறைவு. இவற்றிலும் காந்தம் ஒட்டாது. ஆனால் இவை மழையை 304 அளவுக்குத் தாங்காது. திறந்த பால்கனியில் சீக்கிரமே பழுப்புப் புள்ளி விழும். காந்தச் சோதனையில் 202-க்கும் 304-க்கும் ஒரே மார்க்குதான். இதே பைப்பைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுப் பாருங்கள். காந்தம் ஒட்டவில்லை என்பதற்காக எந்தக் கடைக்காரராவது 304 விலை தருவாரா? அவருக்குத் தெரிந்தது வீடு கட்டுகிறவருக்குத் தெரியாது என்பதில்தான் பிழைப்பே நடக்கிறது.

ஒட்டினால் துருப் பிடிக்கும் என்பதும் அரைகுறைப் பேச்சு. பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக் காந்தத்தில் வையுங்கள், பிடித்துக்கொள்ளும். இப்போது புழங்கும் நாணயம் 83 சதவீதம் இரும்பும் 17 சதவீதம் குரோமியமும் கலந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நிக்கலே இல்லை. எத்தனை கை மாறினாலும் அது துருப் பிடித்துக் கொட்டிவிடுவதில்லை.

உங்கள் வளைவு விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை வைத்து நல்ல வெல்டர்களோடு சண்டை போட்டவர்கள் உண்டு. 304-ஐச் சூடாக்காமல் வளைத்தாலோ இழுத்தாலோ தட்டினாலோ, அந்த இடத்தில் மட்டும் அணுக்களின் அடுக்கு கொஞ்சம் குலைந்து, ஒட்டுகிற வகையாக மாறிவிடும். உள்ளே இருக்கும் நிக்கலும் குரோமியமும் ஒரு துளிகூடக் குறையாது. உங்கள் சமையலறை ஸ்டீல் சிங்க்கிலேயே பார்க்கலாம். சின்ன நியோடிமியம் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, நடுத்தட்டையில் ஆரம்பித்து மூலைப் பக்கம் கொண்டு போங்கள். தட்டையில் சும்மா தொங்கும். பிரஸ்ஸில் ஆழமாக இழுத்த அந்த உருண்டை மூலைக்கு வந்ததும் மெல்லச் சாயும். ஒரே தகடு, ஒரே கிரேடு. கைப்பிடிப் பைப்பும் பட்டைத் தகட்டைச் சுருட்டிச் செய்வதுதான் என்பதால், சிலசமயம் நேர்ப்பகுதியிலும் மயிரிழை இழுப்பு இருக்கும். ஆலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்தால் பழைய நிலைக்குத் திரும்பும். கைப்பிடிக்கு அது தேவையில்லை. வளைத்த 202-உம் இதேபோல் இழுக்கலாம். ஆகவே வளைவில் இழுப்பது எந்தக் கட்சிக்கும் சாட்சி சொல்லாது.

வெல்டிங் கதை வேறு. அங்கே உருகி உறையும் உலோகத்தில் ஒட்டுகிற வகை சில சதவீதம் இருக்கும்படிதான் வெல்டிங் கம்பியையே தயாரிக்கிறார்கள், இல்லாவிட்டால் உறையும்போது விரிசல் விடும். அங்கே லேசான இழுப்பு நல்ல அறிகுறிதான்.

காந்தம் நிஜமாகவே உதவும் இடம் ஒன்று இருக்கிறது: தரையோடு பதியும் பேஸ் பிளேட். மேலே பளபளக்கும் மூடி, அடியில் சாதா இரும்புத் தகடு, இது சர்வசாதாரணம். மூடியைத் தூக்கிவிட்டுக் காந்தத்தை வையுங்கள். திருகுகளிலும் வையுங்கள். கையால் பிடுங்க வேண்டிய அளவுக்குப் பிடித்தால் மாற்றச் சொல்லுங்கள்.

பிறகு, காகிதங்கள். பைப்பைச் சுற்றிய பிளாஸ்டிக்கில் 304 என்று யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம். பில்லில் எஸ்எஸ் பைப் என்று மட்டும் எழுதிவிட்டு, 7306 என்ற வரிக் குறியீட்டைக் காட்டி இதுதான் ஆதாரம் என்பார்கள். 202-க்கும் அதே 7306-தான். ஆலைச் சான்றிதழ் என்று வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் ஹீட் நம்பர், அதாவது ஆலையில் ஒரு தடவை உருக்கிய சரக்குக்குத் தரும் எண், இருக்கும், உங்கள் பைப்பில் அந்த நம்பர் எங்கேயும் இருக்காது. இவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? டெண்டர் ஆவணங்களிலேயே ‘காந்தத்தில் ஒட்டாத ஸ்டீல்’ என்று எழுதி, காந்தத்தோடு வந்து சோதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எத்தனை 202 சட்டப்படியே 304 ஆகிறதோ! ‘நிக்கல் குறைந்தது 8 சதவீதம்’ என்று எழுத ஒரு வரிகூட அதிகம் ஆகாது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. 9 வோல்ட் பேட்டரியோடு வரும் சொட்டுத் திரவம் கடைகளில் கிடைக்கிறது. பைப்பைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு வைத்து, பேட்டரியைச் சில விநாடி தொடவிட்டால், மாங்கனீஸ் அதிகமான ஸ்டீலில் சொட்டு சிவக்கும். பார்த்தவுடன் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். பாட்டிலை நீங்களே வாங்குங்கள், கான்ட்ராக்டர் கொண்டுவருவதில் என்ன இருக்கிறதோ யார் கண்டது? பாக்கித் தொகை பெரிதென்றால் பீன்யா பக்கம் இருக்கும் சோதனைக்கூடம் ஒன்றுக்கு ஒரு துண்டைக் கொண்டு போங்கள். துப்பாக்கி மாதிரியான எக்ஸ்ரே கருவியை வைத்து அழுத்தினால் குரோமியம், நிக்கல், மாங்கனீஸ் மூன்றும் சில விநாடிகளில் தெரிந்துவிடும். துண்டை மாட்டிய பைப்பிலிருந்து உங்கள் கண் முன்னால் வெட்டச் சொல்லுங்கள். தனியாக எடுத்துத் தந்த துண்டு எப்போதும் 304-ஆகவே இருக்கும்!

இதற்கிடையில் யாராவது கடலோர உப்புக் காற்றைத் தாங்கும் 316-க்கு மாறுங்கள் என்றால் காதில் வாங்க வேண்டாம், பெங்களூரில் கடல் இல்லை. இன்னொன்று, நல்ல 304 மேலேயே புள்ளி புள்ளியாகத் துரு தெரிந்தால், பக்கத்தில் ஜன்னல் கிரில் அறுத்தபோது தெறித்த இரும்புப்பொறியாக இருக்கலாம். தேய்த்துக் கழுவிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

நிக்கல் 8-ஐ ஒட்டி வந்தால் பாக்கியைக் கொடுத்துவிடுங்கள். நான்கு ஐந்து என்று வந்தால், வீட்டுக்குள் இருக்கும் படிக் கைப்பிடியைப் பிடுங்க வேண்டாம், 202 ரேட்டுக்குக் கணக்குப் போட்டு மிச்சத்தைக் கழியுங்கள். பால்கனியில் இருப்பதை மாற்றித்தான் ஆக வேண்டும். கைப்பிடியில் கண்ணாடி மாட்டுவதாக இருந்தால் அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், மாட்டிய பிறகு சொன்னால் அந்தக் கூலியும் உங்கள் தலையில்தான் விழும்.