கெர்னலில் காலி ஹெடர் கோப்புகளை நீக்குவதெல்லாம் ஒரு வேலையா?

கேட்டவர் கல்லூரி மாணவர். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், உள்ளே ஒன்றுமே இல்லாத ஹெடர்கள் (மற்ற கோப்புகள் இன்க்ளூட் செய்து தமக்குள் இழுத்துக்கொள்ளும் வரையறைக் கோப்புகள்) கண்ணில் பட்டிருக்கின்றன. அவற்றை நீக்கும் திருத்தத்தை முதல் பேட்சாக அனுப்பலாமா, சிரிப்பார்களா என்று கேட்கிறார்.

அனுப்புங்கள். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். என் முதல் பேட்சும் இதேதான். ஆனால் 'காலியாக இருக்கிறது, அப்படியென்றால் தேவையில்லை' என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். நான் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

அநேகமாக நீங்கள் பூஜ்யம் பைட் கோப்புகளைத் தேடியிருப்பீர்கள். அப்படித் தேடினால் பெரும்பாலானவை சிக்காது. 2017 நவம்பரில் 10,000-க்கும் மேற்பட்ட கோப்புகளில் ஒரே வீச்சில் எஸ்பிடிஎக்ஸ் உரிம வரியை (கோப்பு எந்த உரிமத்தில் வருகிறது என்று சொல்லும் ஒற்றை வரி) சேர்த்தார்கள். அதனால் சரக்கே இல்லாத ஹெடரிலும் அந்த வரி இருக்கும், இரண்டு முறை இன்க்ளூட் ஆகாமல் தடுக்கும் காவல் வரிகளும் இருக்கும். திறந்து படித்தால்தான் தெரியும்.

நான் கண்டுபிடித்தது, அதிகம் பேர் தொடாத ஓர் ஆர்கிடெக்சரின் (பிராசசர் வகையின்) ஏஎஸ்எம் அடைவில், அதாவது அந்த வகைக்கே உரிய ஹெடர்கள் இருக்கும் இடத்தில், இருந்த ஹெடர். உரிம வரி, காவல் வரிகள், அவ்வளவுதான். பொதுவான கோடு ஒரு ஏஎஸ்எம் ஹெடரைக் கேட்டால் எல்லா ஆர்கிடெக்சரிலும் அந்தப் பெயரில் ஒன்று இருந்தாக வேண்டும். சொந்தமாக இல்லாவிட்டால் கேபில்ட் என்ற பில்ட் விதிக் கோப்பில் ஜெனரிக்-ஒய் வரியில் அந்தப் பெயரைச் சேர்த்தால் போதும், ஏஎஸ்எம்-ஜெனரிக் அடைவில் உள்ள பொதுப் பதிப்பு வந்துவிடும். சரி, கோப்பை நீக்கி அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். கம்பைல் செய்தேன், ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை, வரும் பேட்ச்களைத் தானாகக் கம்பைல் செய்து பார்க்கும் கெர்னல் டெஸ்ட் ரோபோவிடமிருந்து மெயில்: ஒரே ஃபங்ஷன் இரண்டு இடத்தில் வரையறுக்கப்பட்டிருக்கிறது, பில்ட் உடைந்துவிட்டது. காரணம் எளிது. நான் நீக்கியது காலி, ஆனால் பொதுப் பதிப்பு காலி இல்லை. அந்த ஆர்கிடெக்சர் தன் ஃபங்ஷனை வேறொரு ஹெடரில் வைத்துக்கொண்டு, 'பொதுப் பதிப்பு எனக்கு வேண்டாம்' என்று சொல்வதற்காகவே காலிக் கோப்பை வைத்திருந்தது. நான் கம்பைல் செய்ததோ எக்ஸ்86-க்கு, அதாவது சாதாரண பிசி பிராசசருக்கு. அந்த பில்ட் இந்தக் கோப்பின் பக்கமே போகவில்லை.

இன்னொரு வகையும் உண்டு. 2012-இல் கெர்னல் 3.7 பதிப்புக்காக டேவிட் ஹவெல்ஸ் என்ற டெவலப்பர், பயனர் நிரல்களுக்கான பகுதிகளைத் தனியாகப் பிரித்து யூஏபிஐ அடைவுக்குக் கொண்டுபோனார். பிரித்ததில் சில ஹெடர்களில் ஒன்றுமே மிஞ்சவில்லை. பேட்ச் என்ற கருவி காலியாகிப் போகும் கோப்பை அழித்துவிடும். அதைத் தடுக்க, 'இங்கே ஒன்றுமில்லை, ஆனால் கோப்பு காலியாக இருந்தால் பேட்ச் அழித்துவிடும்' என்று கமெண்ட் எழுதி வைத்தார்கள். யூஏபிஐ அடைவில் இருப்பதில் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று கை வைக்காதீர்கள். வெளியே யாரோ ஒருவருடைய நிரல் அந்தப் பெயரை இன்க்ளூட் செய்துகொண்டிருக்கும்.

'இதனால் பில்ட் வேகமாகுமா?' என்று யாராவது வருவார்கள். ஆகாது. பில்ட் நேரத்தைக் குறைப்பது வேறு வேலை, அதற்கு கெர்னல் டெவலப்பர் இங்கோ மோல்னார் 2022 ஜனவரியில் 2,200-க்கும் மேற்பட்ட பேட்ச்களை முன்வைத்தார். காலி ஹெடரை நீக்குவது படிப்பவருக்காக. ஏதோ இருக்கிறது என்று நம்பித் தேடிப் போய், ஒன்றுமில்லாமல் திரும்பி வருவது எவ்வளவு எரிச்சல் என்பது புதிதாகக் கோடு படிப்பவருக்குத் தெரியும். பேட்ச் எண்ணிக்கையை ஏற்றிக்கொள்ள இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அதற்காக எல்லோரையும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உண்மையில் என்னை அதிகம் படுத்தியது கோடே இல்லை, அப்போது நான் வேலை பார்த்த நிறுவனத்தின் மெயில் சர்வர். கெர்னல் பேட்ச்களை மெயிலில்தான் அனுப்ப வேண்டும்; அதுவோ டேப்களை ஸ்பேஸாக மாற்றிவிடும். அடியில் 'இந்த மெயில் ரகசியமானது' என்று ஒரு பத்தியை ஒட்டும். அப்படி வரும் பேட்சை, அந்தப் பகுதிக்குப் பொறுப்பான எந்த மெயின்டெய்னரும் எடுக்க மாட்டார். அந்தப் பத்தியை நிறுத்தச் சொல்லி நான்கு மாதம் டிக்கெட் போட்டேன். ஒவ்வொரு முறையும் 'பாலிசி' என்று மூடினார்கள். சம்பளம் கொடுத்துக் கெர்னல் வேலை செய்யச் சொன்னவர்களே இதைச் செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது? கடைசியில் மேனேஜரிடம் அனுமதி வாங்கிச் சொந்த மெயிலில் இருந்து அனுப்பினேன்.

திருத்திய பேட்சில் அந்த ஹெடரைத் தொடவில்லை. பொதுப் பதிப்பும் காலியாக இருந்த வேறு இரண்டை நீக்கினேன், ஏற்றுக்கொண்டார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: கோப்பின் பெயரை மட்டும் கிட் கிரெப்பில் (கோடு முழுக்கத் தேடும் கட்டளை) தேடுங்கள், கோண அடைப்பு சேர்க்காமல். மேற்கோள் குறிக்குள் பாதையோடு இன்க்ளூட் செய்திருந்தாலும் அப்போதுதான் அகப்படும். மாற்றங்களின் வரலாறான கிட் லாகில் அது ஏன் காலியானது என்று பார்த்து, அந்தக் காரணத்தைக் கமிட் செய்தியில், அதாவது பேட்சோடு போகும் விளக்கத்தில், எழுதுங்கள். கெர்னல் டாட் ஆர்க் தளத்தில் மற்ற ஆர்கிடெக்சர்களுக்கு உங்கள் கணினியிலேயே பில்ட் செய்ய உதவும் கிராஸ் கம்பைலர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நீங்கள் தொடும் ஆர்கிடெக்சருக்கு உரியதை இறக்கி, ஆல்மாட்கான்ஃபிக் (முடிந்ததையெல்லாம் மாட்யூலாக பில்ட் செய்யும் அமைப்பு) போட்டு ஓடவிடுங்கள். சாதாரண லேப்டாப்பில் நேரம் பிடிக்கும், ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போய்விடலாம்.